பொழுதோட ஆட்டம் போடும் குட்டிக்கு ஓட்டம் மருந்தல்ல

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மூன்றரை மாத நாட்டு நாய்க்குட்டி, பகலில் தொந்தரவே இல்லை. பொழுதோட ஆறு மணி ஆனால் வாசலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, என் சேலையையும் பையன் காலையும் கடித்து இழுக்கிறது. வீட்டுக்காரர் தினமும் களத்தில் பந்து வீசி ஓட விடுகிறார், வந்தபிறகு இன்னும் மோசம். மாமனார் கட்டிப் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தப் பந்தை எடுத்து வையுங்கள். நன்றாக ஓட விட்டால் களைத்துப் படுத்துவிடும் என்பது வளர்ந்த நாய்க்கு வேண்டுமானால் ஓரளவு சரி, இந்த வயதில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். தோட்டத்து வீட்டில் அது எங்கே கிடைக்கிறது? காலையில் கறவை, அப்புறம் கோழி, தேங்காய் போட வருகிற ஆள், நாலு மணிக்கு ஸ்கூல் வேன், மறுபடி கறவை, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் வண்டிச் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடிய குட்டி, பொழுது சாய்வதற்குள் தூக்கம் கெட்டு நிற்கிறது. கல்யாண வீட்டில் தூக்கம் தப்பிய குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆட்டம் போடுமே, அதேதான். போதாததற்கு, விடியலிலும் அந்தியிலும் நாய்க்கு இயல்பாகவே சுறுசுறுப்பு கூடும். அதனால் இந்த ஆட்டத்தை அடியோடு நிறுத்த முடியாது, நன்றாகக் குறைக்கலாம்.

ஆகவே வேலை ஆறு மணிக்கு இல்லை, நாலரைக்கு. பையன் வந்து கொஞ்சி முடித்ததும் குட்டியை ஒண்ணுக்கு விட்டுக் கூட்டி வந்து, கட்டுத்தரைச் சத்தம் எட்டாத, காற்றோட்டமான உள்ளறையில் விட்டு ஒன்றரை மணி நேரம் தூங்க வையுங்கள். முதல் சில நாள் முனகும். யாராவது பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், கொஞ்சக் கூடாது. மாமனார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, குட்டிக்கு ஓய்ந்து கிடக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் துள்ளிக்கொண்டிருக்கும்போது சங்கிலியில் மாட்டிவிட்டுப் போனால் குரைத்துக் குரைத்து இன்னும் சூடேறும்.

எழுந்த பிறகு வரப்பில் மெதுவாக நடத்துங்கள், மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நின்று நின்று. மூக்குக்கு வேலை கொடுத்தால் குட்டி சூடேறாமலே களைக்கும். தடுப்பூசிகள் இன்னும் முடியவில்லை என்றால் சொந்தத் தோட்டத்தைத் தாண்ட வேண்டாம், குட்டிகளுக்கு உயிரைப் பறிக்கும் ரத்தபேதியைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ராச்சோற்றையும் தட்டில் வைக்காமல், கொஞ்சம் உலர்வாகப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக்கி மடித்த சாக்குக்குள் ஒளித்து வைத்தால் தேடித் தேடித் தின்றுவிட்டு அடங்கும். ஒன்று மட்டும்: மிச்சமான அரிசியும் பருப்பும் சாதத்தைப் போடாதீர்கள். அதில் இருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பொறுக்கி எடுத்துவிட்டாலும் சாறு சாதத்தில் இறங்கித்தான் இருக்கும்.

கடிப்பதற்கு இன்னொரு காரணம், 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கத் தொடங்கும் வயது இது. ஈறு ஊறும். திருப்பூர்ப் பக்கம் சொந்தபந்தம் இல்லாமலா இருக்கும், பனியன் வேஸ்ட் துணி கொஞ்சம் வாங்கிக் கெட்டியாகப் பின்னி, நனைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், ஆள் பார்வையில் மட்டும். நூல் பிரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம்.

அப்படியும் சேலையைப் பிடித்தால் கத்தாமல், இழுக்காமல் அசையாமல் நில்லுங்கள். விட்டதும் துணியைக் கொடுங்கள். விடாவிட்டால் நீங்களே உள்ளே போய்க் கதவைச் சாத்தி அரை நிமிஷம் கழித்து வாருங்கள். பையன் ஓடக் கூடாது, இதுதான் வீட்டில் யாராலும் கடைப்பிடிக்க முடியாத விதி. அதுவாக வந்து படுத்திருக்கிறபோது சத்தமில்லாமல் ஒரு வாய் உணவைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள். சும்மா கிடக்கும் நாயை நாம் கண்டுகொள்வதே இல்லை.

பல் பட்டு ரத்தம் வந்தாலோ தோல் சிராய்த்தாலோ விளையாட்டுக் கடிதானே என்று விட வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநாய்த் தடுப்பூசி பாக்கி என்றால் இந்த வாரமே போடுங்கள்.

பல் முளைத்து முடியும் ஆறேழு மாதத்தில் கடி நன்றாகக் குறையும். இத்தனை செய்தும் படுப்பதும் எழுந்து சொறிவதுமாக இருந்தால் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மாடு கட்டியிருக்கும் வீட்டில் அது சகஜம். அதற்காக மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குட்டி மேல் ஊற்றிவிடாதீர்கள், அளவு பிசகினால் விஷமாகிவிடும். குட்டியின் எடையைப் பார்த்து கால்நடை மருத்துவர் தரும் மருந்தைப் போடுங்கள்.