குரல் தேர்வுக்குச் 'சும்மா' போகலாமா?

இசை: கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 36. கூட்டுறவு வங்கியில் காசாளராகப் பணிபுரிகிறேன். சங்கீதம் முறையாகக் கற்றதில்லை. அடுப்படியில் நிற்கும்போது பாடுவதோடு சரி. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு எங்கள் பக்கத்தில் குரல் தேர்வு நடக்கவிருக்கிறது. பரிசு வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை, ஒரு தடவை போய்ப் பாடிவிட்டு வரவேண்டும் என்ற ஆசைதான். "முறையாகப் படித்த பிள்ளைகளின் வாய்ப்பை நீ ஏன் கெடுக்கிறாய்?" என்கிறார் என் அக்கா. அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். உங்கள் அக்காவின் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் பாடுவதால், நன்றாகப் பாடும் வேறொருவருடைய வாய்ப்பு பறிபோய்விடாது. நீங்கள் கேட்டுப் பெறுவது, எதிரே உட்கார்ந்து கேட்பவர்களின் ஓரிரு நிமிடங்களை மட்டுமே. அந்த நிமிடங்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டால் போதும். பரிசில் ஆசையில்லை என்பதற்காகப் பாட்டிலும் கவனமில்லாமல் போய் நிற்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

என் கல்லூரி நாள்களில் நடந்ததைச் சொல்கிறேன். தோழிகள் வற்புறுத்தியதால், ஒத்திகை எதுவும் இல்லாமல் ஒரு போட்டியில் ஏறிப் பாடினேன். சுருதி பிடித்துக்கொள்ளத் தம்புராவும் இல்லை, சுருதிப் பெட்டியும் இல்லை. படபடப்பில், வழக்கமாகப் பாடுவதைவிட ஒரு கட்டைக்கு (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) மேலேயே பல்லவியை எடுத்துவிட்டேன். பல்லவி கணீரென்று இருந்தது. சரணத்தில் குரல் மேல் ஸட்ஜத்தை, அதாவது மேலே உள்ள 'ஸ' ஸ்வரத்தைத் தாண்டவேண்டிய இடம் வந்ததும் தொண்டை அடைத்து, வெறும் காற்றுதான் வந்தது. துணையில்லாமல் பாடும்போது பயம் சுருதியை மேலே தூக்கிவிடும் என்பதை அன்றுதான் கற்றேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பாட்டைத் தொடக்கத்திலிருந்து பழகாமல், அதில் மிக உயரமாகப் போகும் வரியை முதலில் பாடிப் பாருங்கள். அந்த வரி முகம் சுளிக்காமல் வருகிற சுருதி எதுவோ, அதுதான் அந்தப் பாட்டில் உங்கள் சுருதி. பெண்கள் பலருக்கும் ஐந்து, ஐந்தரைக் கட்டை ஒத்துவரும் என்பார்கள்; உங்களுக்கு நாலரைதான் வருகிறதென்றால் அதில் குறைவொன்றும் இல்லை. கைப்பேசியில் தம்புராச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, அரை அரைக் கட்டையாக இறக்கிப் பாருங்கள். தேர்வன்று உள்ளே அழைப்பதற்குச் சற்று முன்பு, அந்தச் சுருதியின் அடிப்படை ஸட்ஜத்தைக் காதருகே ஒரு முறை கேட்டு, வாய்க்குள் முனகியபடியே செல்லுங்கள். இருபது பாட்டுகளைத் தயார் செய்யவேண்டாம். இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டும் சரணத்தோடு மனப்பாடமாக இருக்கவேண்டும்.

சங்கீதம் கற்கவில்லை என்ற தயக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய சூப்பர் சிங்கர் போட்டியில், 2018இல் பட்டம் வென்றவர் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ். அவர் பல்லாண்டு மேடைப் பழக்கம் உள்ளவர் என்பது உண்மைதான். ஆனாலும் கர்நாடக இசைப் பயிற்சியே இங்கு நுழைவுச்சீட்டு என்ற எண்ணம் சரியல்ல என்பதற்கு அந்தப் பட்டம் ஒன்றே போதும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தால், வரிசையில் நிற்கும் அவசரத்தில் படிக்காமல் போட்டுவிடாதீர்கள். நீங்கள் பாடுவதைப் பதிவுசெய்து தம் விருப்பப்படி ஒளிபரப்பும் உரிமை அவர்களுக்குப் போகிறதா என்று பாருங்கள். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடல் நிகழ்ச்சியில் வில்லியம் ஹங் என்ற பொறியியல் மாணவர் பாடியது நாடு முழுவதும் கேலியாகப் பார்க்கப்பட்டது. அந்த நிகழ்ச்சியில், புகழ்பெற்ற நடுவர்கள் முன்னால் வருபவர்கள் அதற்குமுன் தயாரிப்புக் குழுவினரிடம் பாடிக் காட்டியவர்கள்தாம். அப்படியானால் சரியாகப் பாடாதவரையும் தெரிந்தே உள்ளே அனுப்புகிறார்கள் என்றுதானே பொருள்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. தாம் முடிந்தவரை பாடியதாகவும் அதில் வருத்தமேதும் இல்லை என்றும் நடுவர்களிடம் அந்த இளைஞர் அமைதியாகச் சொன்னார். அந்த மனத்திடம் உங்களுக்கு உண்டென்றால் கவலையில்லை. இல்லையென்றால், படிவத்தைப் படித்தபின் திரும்பிவிட்டாலும் தவறில்லை.

குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். முடிந்தால் அக்காவையும் அழைத்துச் செல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பேச்சுத்துணை வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. நன்றாகப் பாடுவாள். 'ஓர் அனுபவமாக இருக்கட்டும்' என்று அவளையும் இத்தகைய தேர்வுக்கு அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அனுபவம் யாருக்கு வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். 36 வயதுக்காரர் 'சும்மா பாடிவிட்டு வருகிறேன்' என்று சொல்லும்போது, தோற்றால் என்ன நடக்கும் என்று தெரிந்தே சொல்கிறார். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தேர்வாகவில்லை என்றால் 'எனக்குப் பாட வராது' என்றே அவள் புரிந்துகொள்ளக்கூடும். அவளாகவே கேட்டால் அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியெல்லாம் பாட்டைத் திருத்திக்கொண்டே போகாதீர்கள். புறப்படும் காலையில் 'வேண்டாம்ப்பா' என்று அவள் சொல்லிவிட்டால், பயணச்சீட்டுக் காசு போனால் போகட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.