பணம் நின்றதும் மரத்தில் கை வைக்கிறார்களே?
மூன்று வருடம் ஓடைக்கரை மரங்களைக் காக்க நிலத்துக்காரர்களுக்குப் பணம் கொடுத்தோம், நிறுத்தியதும் வெட்டக் கிளம்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பேராசை என்று மட்டும் நினைக்காதீர்கள். ‘என் நிலம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றிருந்தவருக்கு, மரத்துக்கு இவ்வளவு என்று கையெழுத்து வாங்கியதும் அது கூலி வேலையாகியிருக்கும். 1993இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், தங்கள் ஊரில் அணுக்கழிவுக் கிடங்கு அமைக்க ஊர்க்காரர்களில் பாதிப்பேர் சம்மதித்தார்கள். பணம் தருகிறோம் என்றதும் அது கால்வாசியாகிவிட்டது!

அதற்காகப் பணமே தப்பு என்று சொல்லமாட்டேன். வேலிக்கம்பி, நாற்று, விட்டுப்போன மகசூல், இதற்கெல்லாம் கொடுக்கத்தான் வேண்டும். மரத்துக்கு விலை போட்டதுதான் சிக்கல். அப்புறம், மரங்களை அளக்கப் போகிறவர் டேப்பை நீட்டுவதற்கு முன், இத்தனை நாள் இந்த மரத்தை ஏன் வெட்டாமல் விட்டீர்கள் என்று அவர்களிடம் கேட்கட்டும்.