'எ தவுசண்ட் ஸ்ப்ளெண்டிட் சன்ஸ்' நாவலில் கூழாங்கற்கள் எதைக் குறிக்கின்றன?

காலித் ஹொசைனியின் இந்த 2007 நாவலில் குறியீடு என்றதும் பலரும் புர்காவைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கூழாங்கல்.

சிறுமி மரியம், அப்பா ஜலீலின் முறையான பிள்ளைகளுக்காக மூன்று வரிசைகளில் 10 கற்களை அடுக்குகிறாள். நான்காவது வரிசையில் ஒரே ஒரு கல். அது அவள், திருமணத்துக்கு வெளியே பிறந்தவள். பின்னாளில் காபூலில், சோறு சரியாக வேகவில்லை என்று கணவன் ரஷீத் அவளைக் கற்களை மெல்ல வைக்கிறான். கடைவாய்ப் பற்கள் உடைகின்றன. அப்பா கணக்கில் ஒதுங்கி நின்ற கல்லே புருஷன் வீட்டில் தண்டனையாகிறது.

சரி, புர்கா? ரஷீத் கட்டாயப்படுத்தி அணியவைத்ததுதான். ஆனாலும் ஊரார் பார்வையிலிருந்து ஒளிந்துகொள்ள முடிவதால், ஆரம்பத்தில் மரியமுக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது. புர்கா என்றாலே அடக்குமுறை என்று படிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.