ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள ஆட்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பலரும் எதிர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறார்கள். அதனால் பிரசங்கத்தைவிட வசதி செய்து கொடுப்பதே பலன் தரும். "போட்டுக்கலாமா?" என்று கேட்காமல், "இன்று உங்களுக்கு ஃப்ளூ ஊசி போடும் நாள்" என்று செவிலியர் சொன்னாலே பலர் கையை நீட்டிவிடுவார்கள்; மறுக்கும் உரிமை அப்போதும் அவர்களுடையதே. வேலை செய்யும் இடத்திலேயே முகாம், தேதியும் நேரமும் குறித்த குறுஞ்செய்தி இரண்டும் கைகொடுக்கும்.

"ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே" என்பார்கள். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது. கைவலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கும். ஆனால் பாதுகாப்பு உருவாக சுமார் 2 வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் பழி ஊசிமேல் விழும். ஆகவே பருவம் தொடங்குமுன்பே முகாமை வையுங்கள். சாதாரண சளியை இது தடுக்காது என்பதையும் மறைக்காதீர்கள், மிகைப்படுத்திச் சொன்னால் அடுத்த ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

வைரஸ் உருமாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். 6 மாதம் நிறைந்த குழந்தைக்கும் போடலாம். 9 வயதுக்குள் முதன்முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 தவணை. முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களிடம் முதலில் பேசுங்கள். மருந்து 2–8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறைந்துபோனால் வீண்.