அமெரிக்காவில் இறந்த அண்ணனின் இறப்புச் சான்றிதழ்: எந்த கவுன்டி, எந்த நகல்?

கேள்வி: என் அண்ணன் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் வசித்தார். திருமணம் ஆகவில்லை. கிரீன் கார்டு இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்தான். 2023 டிசம்பரில் மாரடைப்பு வந்து சான் ஹோசேயில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். தகனமும் அங்கேயே நடந்தது. அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மாவுக்கு 76 வயது. ஊரில் அண்ணன் சொந்தமாக வாங்கிய மனைக்குப் பட்டா மாற்ற வாரிசுச் சான்றிதழ் கேட்டோம். முதலில் இறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஃப்ரீமான்ட் இருக்கும் கவுன்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எழுதினால் பதிவே இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் அண்ணனின் நண்பர் ஒருவர் எப்படியோ ஒரு நகல் வாங்கி அனுப்பினார். அதைத் தாலுகா அலுவலகத்தில் ஏற்கவில்லை. இங்கேயே ஊராட்சியில் பதிந்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யக் கூடாது. எங்கே இறந்தாரோ அங்கேதான் இறப்பைப் பதிய முடியும். சான் ஹோசேயில் இறந்தவரை உங்கள் ஊரில் இறந்ததாகப் பதிவது பொய்த் தகவல் கொடுப்பது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அது குற்றம். அந்த யோசனையைச் சொன்னவர் நாளைக்கு உங்களோடு வந்து நிற்க மாட்டார்.

இனி கவுன்டி விஷயம். கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள். இறப்பு நடந்த 8 நாளுக்குள், தகனத்துக்கோ அடக்கத்துக்கோ முன்பாகவே, அந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் பதிந்தாக வேண்டும் என்பது அங்கத்திய சட்டம். தகனம் நடந்துவிட்டது என்றாலே பதிவும் நடந்திருக்கிறது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வசித்த ஊரை வைத்துப் பதிவதில்லை, உயிர் பிரிந்த இடத்தை வைத்துத்தான். ஃப்ரீமான்ட் அலமேடா கவுன்டியில் வருகிறது. சான் ஹோசே சான்டா கிளாரா கவுன்டியில். அலமேடாக்காரர்கள் பதிவு இல்லை என்று எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. கட்டிய பணமும் திரும்பாது. தேடிப் பார்த்ததற்கான கட்டணம் அது. இறந்த இடம் எந்தக் கவுன்டி என்று கொஞ்சமும் தெரியாதவர்கள் சாக்ரமென்டோவில் உள்ள மாநிலப் பதிவகத்தைக் கேட்கலாம். 1905 ஜூலையிலிருந்து மாநிலம் முழுவதற்குமான பதிவுகள் அங்கே இருக்கின்றன. ஆனால் கவுன்டியில் கேட்பதைவிட அங்கே தாமதம் அதிகம். உங்களுக்கு அது தேவையே இல்லை.

நண்பர் அனுப்பிய நகல் ஏன் செல்லவில்லை? அதை எடுத்துப் பாருங்கள். தகவலுக்கு மட்டும், அடையாளத்தை நிரூபிக்கச் செல்லுபடியாகாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். கலிஃபோர்னியாவில் இறப்புச் சான்றிதழில் இரண்டு வகை நகல் தருகிறார்கள். தகவல் நகலை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கலாம். உரிமையுள்ளவருக்கான சான்றிட்ட நகல் வேறு. அதைப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள், இறந்தவரின் சொத்துக்காக ஆஜராகும் வக்கீல் என்று சட்டம் சொல்லும் சிலர்தான் கேட்க முடியும். நண்பர் அந்தப் பட்டியலில் இல்லை. இறந்தவரின் தம்பி மகன், அத்தை மகன் என்று கேட்டாலும் அந்த உறவை மட்டும் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் உடன்பிறந்த தம்பி, உங்களுக்கு உரிமை உண்டு. இந்த வயதில் அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். நண்பர் அனுப்பிய தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தை நிரப்ப அதில் உள்ள பெயர், தேதி, இடம் அப்படியே உதவும்.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பரில் கலிஃபோர்னியா நேரம் நம்மைவிட பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 14-ஆம் தேதி இரவு ஒருவர் இறந்தால் இங்கே 15 பிறந்திருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 15 என்று போடுவோம், திதியும் அதை வைத்தே கொடுப்போம். அதில் தவறில்லை. ஆனால் கவுன்டிக்குப் போகும் விண்ணப்பம், வாரிசு மனு, பிரமாணப் பத்திரம் எல்லாவற்றிலும் அமெரிக்கச் சான்றிதழில் உள்ள தேதிதான் வர வேண்டும். இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே மனு திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு.

சரி, எப்படிக் கேட்பது? சான்டா கிளாரா கவுன்டியின் பதிவாளர் அலுவலகம் சான் ஹோசேயில்தான் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் விண்ணப்பப் படிவமும், கூடவே ஒரு சத்தியப் பிரமாணப் படிவமும் கிடைக்கும். கவுன்டியின் சொந்தத் தளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேடினால் இடைத்தரகர் தளங்கள்தான் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும். பிரமாணத்தில் நீங்கள் இறந்தவரின் தம்பி என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நேரில் போனால் கவுன்ட்டரிலேயே கையெழுத்திடலாம். தபாலில் அனுப்பினால் நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகியிருக்க வேண்டும். நம் ஊர் நோட்டரி முத்திரையை அங்கே ஏற்பார்களா மாட்டார்களா என்ற விவாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு. முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரு முத்திரைக்கு 50 டாலர். படிவத்தை நிரப்பிக் கொண்டு போகலாம், கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் அந்தப் படிவம் வீண்.

கையெழுத்தான படிவத்தை அண்ணனின் நண்பருக்கே கூரியர் செய்யுங்கள். அவரால் உங்களுக்காகக் கையெழுத்திட முடியாது, ஆனால் டாலர் காசோலை எழுதித் தபாலில் சேர்க்கலாம். கட்டணம் ஒரு நகலுக்கு இருபது சொச்சம் டாலர். அவ்வப்போது மாறும் என்பதால் அன்றைய தொகையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்று நகலாவது கேளுங்கள். அண்ணனுக்கு அங்கே வங்கிக் கணக்கோ ஓய்வூதிய சேமிப்போ இருந்தால் அவர்களும் ஆளுக்கு ஒன்று கேட்பார்கள்.

நகல் வந்ததும் இந்தியாவுக்கு அனுப்பிவிட வேண்டாம். வெளிநாட்டு ஆவணம் இங்கே தடையில்லாமல் ஏற்கப்பட அதில் அப்போஸ்டில் இருக்க வேண்டும். ஆவணத்தில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று அந்த நாட்டு அரசு இணைத்துத் தரும் சான்று அது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இருப்பதால் அதற்கு மேல் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் தேவையில்லை. கலிஃபோர்னியா ஆவணத்துக்கு சாக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகம் அப்போஸ்டில் தருகிறது, ஓர் ஆவணத்துக்கு 20 டாலர். இதை நண்பரே அனுப்பி வாங்கலாம், உறவு கேட்க மாட்டார்கள். அங்கே பார்ப்பது கையெழுத்தை. கவுன்டி பதிவாளர் கையெழுத்திட்ட நகல் என்றால் சிக்கல் இல்லை. சமீபத்திய இறப்புகளுக்குப் பல கவுன்டிகளில் சுகாதாரத் துறைதான் சான்றிதழ் தருகிறது; சுகாதார அதிகாரி கையெழுத்திட்டதை கவுன்டி கிளார்க் சான்றொப்பம் இட்ட பிறகுதான் ஏற்பார்கள் என்ற நிலை வரலாம். உங்கள் அண்ணன் இறந்தது 2023, அது சமீபத்திய இறப்பு இல்லை என்பதால் பதிவாளர் அலுவலகத்திலேயே கேளுங்கள். ஒரு நகலுக்கு மட்டும் அப்போஸ்டில் போதும். அமெரிக்க வங்கிக்கு அது தேவைப்படாது.

வந்த சான்றிதழில் பெயரைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். மனையின் பத்திரத்தில் ஒற்றை இனிஷியல்தான் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரமும் பாஸ்போர்ட் நகலும் மனுவோடு இணைத்துவிடுங்கள். இதற்காக அமெரிக்கச் சான்றிதழைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி அங்கே எழுதியிருந்தால் அது சரியான பதிவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சான்றிதழ் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதால் மனையிலும் பங்கு இருக்கிறது என்று ஆகாது. உங்கள் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது, அண்ணன் உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: மனைவி மக்கள் இல்லாதவரின் முதல் வகுப்பு வாரிசு அம்மா. அம்மா இருக்கும்போது சகோதரருக்கு எதுவும் வராது. எனவே வாரிசு மனுவை அம்மா பெயரில் போடுங்கள், பட்டாவும் அவர் பெயருக்கே மாறட்டும். அம்மா அதை உங்களுக்குத் தர விரும்பினால் பிறகு செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். வேறு சகோதர சகோதரிகள் இருந்தால் அந்தப் பத்திரம் எழுதும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.