டைரக்டராக இருந்தால் பேறுகாலச் சம்பளம் கிடையாதா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. மாமனார், கணவர், கொழுந்தனார், நான் என நான்கு பேர் டைரக்டர்கள். 34 பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு, சம்பளப் பட்டியல், பில் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். நான்கு வருடமாக மாதம் 38,000 ரூபாய் சம்பளம். இப்போது ஆறாவது மாதம், முதல் குழந்தை. பேறுகால விடுப்புச் சம்பளம் கேட்டதற்கு, 'முதலாளிக்கு ஏதும்மா லீவு சம்பளம்?' என்கிறார் ஆடிட்டர். கொழுந்தனாரும் அதையே சொல்கிறார். எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு, சகோதரி. ஆனால் அது டைரக்டர் என்ற பதவியால் வருவதில்லை. தினமும் போய் வேலை பார்த்து, அதற்குச் சம்பளம் வாங்குகிறீர்களே, அதனால் வருகிறது.

முதலாளி கம்பெனிதான், நீங்கள் இல்லை. சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி நபர். அதில் உங்களுக்கு ஷேர் இருக்கலாம், போர்டில் நாற்காலியும் இருக்கலாம். அதே கம்பெனியிடம் நீங்கள் ஊழியராகவும் இருக்கலாம். 1997-இல் அபெக்ஸ் இன்ஜினியரிங் வழக்கில், சம்பளம் வாங்கி வேலை பார்க்கும் மேனேஜிங் டைரக்டரையே இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) சட்டப்படி ஊழியர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இஎஸ்ஐ வழக்குதான். ஆனாலும் ஒரே ஆள் இரண்டு நிலையில் இருக்கலாம் என்ற அந்த அடிப்படை உங்களுக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முக்கியமான விஷயங்கள் மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரிச் சம்பளம்தான் கணக்கு. உங்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதச் சம்பளம் வரும். பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்பணமாகவும், மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி தர வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே வரும்? காகிதத்தில்தான். குடும்பக் கம்பெனிகளின் ஃபைலைப் பிரித்தால் நான் அடிக்கடி பார்ப்பது இது: வருகைப் பதிவேட்டில் தையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோர் பெயரும் இருக்கும், மருமகள் பெயர் மட்டும் இருக்காது. லெட்ஜரில் அவருக்குப் போன பணம் 'டைரக்டர் கட்டணம்' என்று ஏறியிருக்கும். அப்படி எழுதியிருந்தால், 'இவர் ஊழியர் இல்லை' என்று வாதாட எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிடும். அதனால் சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்றான ஃபார்ம் 16-ஐ இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வருமான வரிப் பிடித்தம் சம்பளம் என்ற தலைப்பில் போயிருந்தால் பாதி வழக்கு முடிந்தது. மாதாமாதம் வங்கியில் ஏறிய தொகை, நியமனத் தீர்மானம், நீங்கள் அனுப்பிய மெயில்கள் எல்லாம் துணை நிற்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய தேதி போட்டு நியமனக் கடிதம் தயார் செய்யாதீர்கள். இருக்கிற நல்ல வழக்கையும் அந்த ஒரு தாள் கெடுத்துவிடும். 'இத்தனை வருடமாக இன்ன சம்பளத்தில் இந்த வேலையைச் செய்து வருகிறார்' என்று இன்றைய தேதியில் போர்டு தீர்மானம் போட்டாலே போதும், அது உண்மைதானே.

'சம்பளத்தை 21,000-ஆகக் குறைத்துக் காட்டி இஎஸ்ஐயில் சேர்ந்துவிட்டால், கம்பெனிக்குச் செலவில்லாமல் அவர்களே தந்துவிடுவார்களே' என்று யாராவது யோசனை சொல்லலாம். வேண்டாம். 21,000 வரை உண்மையிலேயே வாங்குபவர்களுக்குத்தான் அது. அதற்கும் முந்தைய பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். பொய்க் கணக்கு காட்டுவது குற்றம்.

அப்புறம், விடுப்புக்காக டைரக்டர் பதவியை ராஜினாமா செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். கம்பெனிச் சட்டப்படி, 12 மாதம் ஒரு போர்டு கூட்டத்துக்கும் போகாமல் இருந்தால்தான் பதவி போகும். இடையில் ஒரு கூட்டத்துக்கு வீடியோவில் வந்தால் அந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் உங்களை வேலை வாங்கவே கூடாது. 'ஒரு பில்தானே, வீட்டிலிருந்தே போட்டுவிடும்மா' என்று மாமனார் அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அந்த நாட்கள் உங்கள் உடம்பு தேறுவதற்கானவை.

கொழுந்தனாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் யூனிட்டில் தைக்கும் பெண்களுக்கும் இந்த 26 வாரம் உண்டு, இஎஸ்ஐ வழியாகவோ கம்பெனி வழியாகவோ. உங்களுக்கே இல்லை என்று சொல்கிற இடத்தில் அவர்களில் யாருக்கு வாய் திறந்து கேட்கத் துணிச்சல் வரும்?

டாக்டர் சொன்ன தேதியிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி, அந்த நாளுக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று மாமனாரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.