ஜி.பி.எஸ். போனால் ஏவுகணை குருடாகுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜி.பி.எஸ். சிக்னலை முடக்கினால் க்ரூஸ் ஏவுகணை வழிதவறிவிடும் என்கிறார்கள். ஆனால் 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் டோமஹாக் க்ரூஸ் ஏவுகணையில் ஜி.பி.எஸ்.ஸே கிடையாதாமே? பிறகு எப்படி இலக்கைக் கண்டுபிடித்தது?

எம்.

அன்புள்ள எம்.,

கிடையாதுதான். 1993-இல் வந்த மூன்றாம் பிளாக் என்ற புதிய வடிவத்தில்தான் அது சேர்ந்தது. முன்பும் சரி, இன்றும் சரி, வழிநடத்தலுக்கு அடிப்படை உள்ளேயே இருக்கும் திரும்பலை அளக்கும் கைரோஸ்கோப்புகளும் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானிகளும்தான். முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம், வேகத்தைக் கூட்டினால் கடந்த தூரம். கண்ணைக் கட்டிக்கொண்டு காலடியை எண்ணி நடக்கிற கதை.

தொல்லையும் அங்கேதான். முடுக்கமானி விநாடி²-க்கு ஒரு மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகக் காட்டினாலே 100 விநாடியில் 5 மீட்டர் விலகும். 10 நிமிடத்தில் 180 மீட்டர். நேரம் ஆறு மடங்கு, பிழை முப்பத்தாறு மடங்கு.

அதைத் திருத்த டோமஹாக்கில் இருந்தது டெர்காம். காற்றழுத்த உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரத்தைச் சொல்லும், ரேடார் உயரமானி தரையிலிருந்து. கழித்தால் கீழே உள்ள நிலத்தின் மேடுபள்ளம். அந்த எண்வரிசையை நினைவகத்தில் உள்ள உயர வரைபடத்தின்மேல் நகர்த்தி, வித்தியாசம் மிகக் குறைவாக வரும் இடத்தைத் தன் இடமாகக் கொள்ளும். கடலைத் தாண்டி வரும்போது பிழை பெருத்திருக்கும் என்பதால் கரையோர வரைபடம் அகலமாக வேண்டும். இலக்கை நெருங்க நெருங்கச் சிறிதானால் போதும்.

ஆனால் நிலத்தில் மேடுபள்ளம் இருந்தாக வேண்டுமே! கடல்மேல் இது உதவாது, தட்டையான பாலைவனத்திலும் அப்படியே. மணல்மேடு என்றால் காற்றில் இடம் மாறிவிடும். கடைசிக் கட்டத்தில் டிஸ்மாக் என்ற கேமரா கீழே எடுத்த படத்தைச் சேமித்த படத்தோடு ஒப்பிடும். பனி மூடினாலோ அடையாளக் கட்டடம் இடிந்துபோனாலோ அதுவும் தடுமாறும்.

இனி உங்கள் கேள்வி. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் மிக மெலிது, முடக்குவது எளிது. ஆனால் முடங்கினால் திருத்தம்தான் நிற்கிறது, கணக்கு நிற்பதில்லை. மணிக்கு 880 கி.மீ. வேகத்தில் கடைசி 30 கி.மீ. சுமார் இரண்டு நிமிடம். மேலே சொன்ன முடுக்கமானிப் பிழை அதற்குள் 7 மீட்டர்தான் வளரும். கைரோஸ்கோப் மெல்ல விலகுவதால் வரும் பிழை தனி.

என்னைக் கேட்டால், முடக்குவதைவிட மோசமானது பொய்ச் சிக்னல். சரியாக ஓடும் உட்கணக்கையே அது தவறாகத் "திருத்திவிடும்". சிக்னல் காட்டும் இடம் திடீரென்று தாவினால் கணினி நிராகரித்துவிடலாம். மெல்ல மெல்ல இழுத்துச் சென்றால் பிடிப்பது கடினம்.